கல்லூரி நகரவில்லை, ஜெர்சிதான் மாறுகிறது

கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது, 2011 கடைசியில் தானே புயல் வந்தது, 2015-ல் வெள்ளம் வந்தது. கல்லூரி ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் அங்கே பந்து உதைக்கிற பையன் யாருடைய அணிக்காக ஆடுகிறான் என்பது மட்டும் இருபது வருஷத்துக்குள் நாலு ஊர் சுற்றிவிட்டது. முதலில் சென்னை, பிறகு வேலூர், பிறகு சில மாதம் விழுப்புரம், இப்போது சிதம்பரம். ஒவ்வொரு முறையும் சட்டசபையில் ஒரு சட்டம், அரசிதழில் ஓர் அறிவிப்பு. அந்த அறிவிப்புகளில் தேர்வு, பட்டம், பாடத்திட்டம், பணியாளர், சொத்து எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கும். விளையாட்டுக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு வரி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பந்தாட்டம் பக்கம் போகாதவர்களுக்கு இதில் என்ன பெரிய வருத்தம் என்று தோன்றலாம். கல்லூரி கால்பந்து நம் ஊரில் நடக்கிற முறையைத் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். ஒரு கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ, அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளோடு மட்டும்தான் அது இன்டர்-காலேஜ் போட்டியில் மோதும். அங்கே நன்றாக ஆடுகிறவர்களைக் கூப்பிட்டு செலக்‌ஷன் வைப்பார்கள். தேறினவர்கள் கேம்ப் போவார்கள், பிறகு பல்கலைக்கழக ஜெர்சி போட்டுக்கொண்டு சவுத் ஸோன் போட்டிக்குப் போவார்கள். தென் மண்டலத்தில் முதல் நாலு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. ஆண்கள் கால்பந்துக்கு அங்கே சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பை, 1941-லிருந்து ஆடப்படுவது. தேவனாம்பட்டினத்து மணலிலிருந்து அந்தக் கோப்பைக்குப் போகக் கல்லூரி மாணவனுக்கு இருக்கிற ஒரே ஏணி இதுதான். இந்த ஏணியைத்தான் சார்த்தின சுவரிலிருந்து எடுத்து எடுத்து வேறு வேறு சுவரில் சார்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

கதை பழையது. 1857-ல் தொடங்கின சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் ஒரு காலத்தில் தென்னிந்தியக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இருந்தன. கடலூர் இருந்த தென்னார்க்காடு மாவட்டமும் அதற்குள்தான். 1920-ல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-ல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆனால் அது அப்போது வேறு கல்லூரிகளை இணைத்துக்கொள்கிற பல்கலைக்கழகமாக இருக்கவில்லை. தன் வளாகத்துக்குள்ளேயே பாடம் நடத்துவதற்காக அமைந்தது. அதனால் அதன் எல்லை அண்ணாமலைநகரோடு முடிந்தது. சிதம்பரத்தை ஒட்டி சி.முட்லூரில் ஓர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரிப் பையன்கள் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கலாம். ஆனால் ஆடுவதற்கு மட்டும் முதலில் சென்னைக்காரர்கள், பிறகு வேலூர்க்காரர்கள். பக்கத்திலேயே அவ்வளவு பெரிய மைதானம், உடற்கல்விக்கென்று தனித் துறை, அத்தனையும் இருந்தும் பல பத்தாண்டுகள் அவர்கள் வாசலில் நின்றவர்கள்தான். எனக்கு இது நினைக்க நினைக்க ஆறாத விஷயம்.

அடுத்தது, அக்கம்பக்கம் பிரிந்துபோன கதை. 1982-ல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது. கொள்ளிடத்துக்குத் தெற்கே இருந்த கல்லூரிகள், மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, பூம்புகார் கல்லூரி, எல்லாம் திருச்சிப் பக்கம் போயின. 1985-ல் புதுச்சேரிக்கு மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்த புதுச்சேரிக் கல்லூரிகள் அதோடு சேர்ந்துகொண்டன. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே பந்து தெரிந்த ஊர் அது. கடலூர்க் கல்லூரிப் பையனுக்குப் புதுச்சேரிப் பையனைவிட நல்ல எதிராளி எங்கே கிடைப்பான்? வடக்கே இருந்த எதிராளி போனான், தெற்கே இருந்த எதிராளியும் போனான். புதுப் பல்கலைக்கழகங்கள் வந்ததில் எனக்குக் குறையில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் படிப்பு வருவது நல்லதுதானே. ஆனால் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்த ஊர்களைக் கோடு போட்டுப் பிரித்தபோது, வருஷத்துக்கு ஓர் ஆட்டமாவது சேர்ந்து ஆடுங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையே.

2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று நாலு மாவட்டக் கல்லூரிகளைச் சென்னையிலிருந்து பிரித்து அதில் சேர்த்தார்கள். தலைமையிடம் வேலூர், பிறகு காட்பாடி தாண்டிச் சேர்க்காடு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சுமை கூடிவிட்டது, விடைத்தாள் திருத்தி முடிக்கவே நாளாகிறது என்றார்கள். நியாயம்தான். ஆனால் கடலூர்ப் பையன் கைக்கு என்ன வந்தது? சென்னையாவது ரயில் ஏறினால் வந்துவிடும். ஏ.எல்.முதலியார் நினைவுத் தடகளப் போட்டி என்று அங்கே ஒன்று உண்டு, பேர் சொன்னால் ஊரறியும். சேர்க்காட்டுக்குப் போக நெல்லிக்குப்பம், பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், வேலூர் என்று ஒரு நீண்ட பஸ் பயணம். காலை எட்டு மணிக்கு செலக்‌ஷன் என்றால் முந்தின ராத்திரியே புறப்பட வேண்டும். தூக்கமில்லாமல், பஸ் ஸ்டாண்டில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, இறங்கின காலோடு மைதானத்தில் ஓடுகிறவனையும், பக்கத்துத் தெருவிலிருந்து குளித்துச் சாப்பிட்டு வந்து ஓடுகிறவனையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால், அது தேர்வா?

பி.டி. மாஸ்டர்கள் பட்ட பாடு வேறு. ஒரே பி.டி.தான் கல்லூரிக்கு. கபடி, வாலிபால், பந்து, தடகளம் எல்லாவற்றுக்கும் அவரேதான் அழைத்துப்போக வேண்டும். டி.ஏ. பிறகு வரும், முதலில் கைக்காசைப் போடுங்கள் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், ஓய்வு பெறுகிறவரை, பையன்களின் பஸ் கட்டணத்தைச் சம்பளத்திலிருந்தே கொடுத்துக்கொண்டிருந்தார். “தம்பி, இவனுங்க நல்லா ஆடுறானுங்க. கூட்டிட்டுப் போகலைன்னா எனக்குத் தூக்கம் வராது” என்பார். ஒரு மனுஷனின் நல்ல மனசை நம்பித்தான் ஒரு மாவட்டத்தின் கல்லூரி விளையாட்டு ஓடியிருக்கிறது என்றால், அதற்கு முறை என்று பேர் வைக்கக் கூடாது.

ஆனாலும் பத்தொன்பது வருஷம் ஆடினார்கள். வேலூர், திருவண்ணாமலைக் கல்லூரிகளோடு ஒரு பழக்கம் உண்டாயிற்று. எந்தக் கல்லூரிக்கு நல்ல கோல்கீப்பர், எந்தக் கல்லூரிப் பையன்கள் முரட்டுத்தனமாக டேக்கிள் செய்வார்கள், எந்த மைதானத்தில் புல் இருக்காது என்பதெல்லாம் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அறிவு. போட்டி என்பது கோப்பை மட்டுமல்ல. போன வருஷம் தோற்கடித்தவனை இந்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் ஒரு பையனை வெயிலில் ஓட வைக்கிறது. அந்தப் பழக்கம் கனிந்து வந்த நேரத்தில் 2021 வந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாக வைத்து டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் என்று சட்டம் நிறைவேறியது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அதற்கு என்றார்கள். மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31-ம் தேதி, அந்தப் பல்கலைக்கழகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கிற மசோதா சட்டசபையில் வந்தது. எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்து சாலையில் உட்கார்ந்தது, கைதானது. பெயரைப் பற்றிப் பேசினார்கள், நிதியைப் பற்றிப் பேசினார்கள், பழிவாங்கல் என்றார்கள், நிர்வாக வசதி என்றார்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கொரோனாவில் மைதானம் பூட்டிக்கிடந்து, ஒரு வருஷ ஆட்டத்தை ஏற்கெனவே இழந்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகளிடம், நீ இனிமேல் எந்த அணி என்று சொல்ல அந்த இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். மூன்று வருஷப் படிப்பில் முதல் வருஷம் ஓர் அணி, கடைசி வருஷம் வேறோர் அணி என்றால், கேப்டனாக வர வேண்டியவன் புது இடத்தில் மறுபடியும் வாசல்படியிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரி ஆட்டக்காரனுக்கு வாழ்க்கையில் இருப்பதே மூன்று சீசன், முதுகலை படித்தால் ஐந்து. அதில் ஒன்று போனால் திரும்பி வராது.

சிதம்பரத்தோடு சேர்த்தது சரி என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். 1929-லேயே நடந்திருக்க வேண்டியது. கடலூருக்கு நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர். காலையில் புறப்பட்டுப் போய் ஆடிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நெய்வேலி ஜவகர் அறிவியல் கல்லூரி, விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, மஞ்சக்குப்பம் புனித வளனார் கல்லூரி, சி.முட்லூர், எல்லாம் ஒரே மாவட்டத்துக் கல்லூரிகள், ஒரே பல்கலைக்கழகம். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து வருகிற கள்ளக்குறிச்சிப் பையனுக்கு மட்டும் இதுவும் தூரம்தான். அவனுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும். அவனும் முந்தின ராத்திரியே பஸ் ஏறுகிறவன் ஆகிவிடக் கூடாது.

இதற்கு நடுவில் இன்னொரு பிரிவினை சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது. ஒரே தெருவில் ஐந்து பையன்கள் சேர்ந்து வளர்கிறார்கள், ஒரே மைதானத்தில் ஆடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறது. பி.காம். சேர்ந்தவன் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இன்ஜினீயரிங் சேர்ந்தவன் அண்ணா பல்கலைக்கழகம். சட்டக் கல்லூரிக்குப் போனவன் 1997-ல் வந்த அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். பி.எட். போனால் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். உடற்கல்விக் கல்லூரிக்குப் போனால் அதற்கென்று ஒன்று. மருத்துவம் என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அண்ணாமலைநகரிலேயே பாருங்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆனது. மாணவர்கள் கட்டணத்துக்காக நடத்திய போராட்டத்தின் பலன் அது, அவர்கள் ஜெயித்தது நியாயமான ஜெயம். ஆனால் அதே வளாகத்தில், அதே மரத்தடியில் சைக்கிள் விடுகிற இரண்டு பேர் இப்போது இரண்டு பல்கலைக்கழகங்களின் ஆட்டக்காரர்கள். பாடத்தை நிபுணர்கள் கையில் கொடுப்பதற்காகப் பல்கலைக்கழகங்களைப் பிரித்தார்கள். பந்து என்ன பாடவாரியாகவா உருள்கிறது?

மாநிலம் முழுக்க இருக்கிற இன்ஜினீயரிங் கல்லூரிகளில் ஒருவனாகக் கடலூர்ப் பையன் அண்ணா பல்கலைக்கழக அணியில் இடம் பிடிப்பது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியில் மாவட்ட அணிக்கு ஆடினவன் கல்லூரிக்குப் போனதும் பந்தை விட்டுவிடுகிறான். விருப்பம் போய்விட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அவனுக்கு விருப்பம் போகவில்லை, வாய்ப்புதான் போயிற்று.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் இது வெறும் பந்துப் பைத்தியத்தின் புலம்பல் அல்ல என்று புரியும். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். சர்வதேசப் போட்டிக்கு ஒரு படிவம், தேசியப் போட்டிக்கு ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ‘ஃபார்ம் த்ரீ’. அதில் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவன் 2019-ல் பல்கலைக்கழக அணியில் ஆடியிருக்கிறான், இன்று வேலைக்கு மனுப் போடுகிறான் என்றால் அவன் கல்லூரி இன்று இருக்கிற பல்கலைக்கழகம் அவனுக்குக் கையெழுத்துப் போடாது. அன்றைக்கு இருந்த இடத்துக்குத்தான் ஓட வேண்டும்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படி ஓடினான். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஓர் இடத்தில் “உங்க காலேஜ் இப்ப எங்ககிட்ட இல்லையே” என்றார்கள். இன்னோர் இடத்தில் “நீங்க ஆடினப்ப எங்ககிட்ட இல்லையே” என்றார்கள். கடைசித் தேதி நெருங்க நெருங்க அவன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “அண்ணே, இவன் நிஜமாவே ஆடினானா, இல்ல எங்ககிட்டப் பொய் சொல்றானா?” என்று கேட்டார்கள். நான் அந்த ஆட்டத்தைப் பார்த்தவன். பிள்ளை தெற்கு மண்டலத்தில் ஆடிவிட்டு முழங்கால் தோல் உரிந்து வந்து நின்றதைப் பார்த்தவன். பெற்ற தாய்க்கே சந்தேகம் வருகிற அளவுக்கு ஒரு காகிதம் அவனை அலைக்கழித்துவிட்டது. கையெழுத்துக் கடைசியில் கிடைத்தது. கிடைத்தபோது மனுத் தேதி முடிந்திருந்தது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் என் மனம் இன்னும் கொதிக்கிறது. கடலூர் பெண்கள் கால்பந்துக்குப் பேர் வாங்கின மாவட்டம். சுனாமியில் எல்லாம் இழந்த வீடுகளிலிருந்தும், குடிசைகளிலிருந்தும், அரசு விடுதிகளிலிருந்தும் வந்த பெண்கள் பூட்ஸ் கட்டினார்கள். இந்திய அணிக்கு ஆடிய சுமித்ரா காமராஜ், இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் எல்லோரும் இந்த மாவட்டத்து மண்ணில் ஓடி வளர்ந்தவர்கள். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி 2017-18-ல் இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றுக்காக ஷில்லாங் வரை போய் ஆடியது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் போட்டியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கியது. 2023-ல் மறுபடியும் வாங்கியது, ஹரியானாவை வென்று. இந்துமதி காவல் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார்.

ஆனால் ஒரு பெண்ணைக் கல்லூரி விளையாட்டுக்கு அனுப்பச் சம்மதிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும். எந்த ஊருக்குப் போகிறாள், யார் கூடப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று அப்பா கேட்பார். ஒவ்வோர் ஆண்டும் ஒரே ஊர், ஒரே மைதானம், தெரிந்த முகங்கள் என்றால் இரண்டாவது வருஷம் அந்தக் கேள்வி நின்றுவிடும். பல்கலைக்கழகம் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி புதிதாக எழும். பல வீடுகளில் அதற்குப் பதில் தேடுவதைவிட “வேண்டாம், படி” என்று சொல்வது எளிது. அப்படி நின்றுபோன பெண்களின் பேர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

அமெரிக்காவிலும் இப்படி நடக்கிறது. அங்கே கல்லூரிகள் சேர்ந்து கான்ஃபரன்ஸ் என்று குழு அமைத்து ஆடுகின்றன. அவர்கள் ஆடும் கால்பந்து வேறு வகை, குழு அமைப்புதான் இங்கே விஷயம். 1915-ல் தொடங்கிய மேற்குக் கரைக் குழு ஒன்று, பசிபிக்-12 என்று பேர். தொலைக்காட்சிப் பணம் பெரிதாகக் கிடைக்கும் என்று அதன் கல்லூரிகள் வேறு குழுக்களுக்குப் போய்விட்டன. 2024-ல் பன்னிரண்டில் மிஞ்சியவை ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே. கலிபோர்னியாக் கல்லூரிகளில் இரண்டு பிக் டென் என்ற குழுவில் சேர்ந்து, கண்டத்தின் அடுத்த கரையில் இருக்கிற நியூஜெர்ஸி வரை போய் ஆடுகின்றன. அதுவும் பிள்ளைகளுக்கு அநியாயம்தான். ஆனால் அங்கே ஊர் கொதித்தது. மிஞ்சிய இரண்டு கல்லூரிகளும் குழுவின் உரிமைக்காக நீதிமன்றம் போய் நின்றன. எந்த ஆண்டு யார் சேர்ந்தார், யார் விலகினார், யார் கோப்பை வாங்கினார் என்பது நூறு வருஷத்துக்கும் எழுத்தில் இருக்கிறது. பழைய எதிராளியோடு ஆட்டம் விட்டுப்போகக் கூடாது என்று தனியாக ஒப்பந்தம் போட்டு ஆடுகிறார்கள்.

நம்முடைய ஏற்பாட்டில் பணம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. மாற்றம் மட்டும் இருக்கிறது. 2005-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் கால்பந்துக் கோப்பையை யார் தூக்கினார்கள் என்று ஒரு பேரனுக்குக் காட்ட ஒரு பக்கம் வேண்டாமா? கல்லூரி அலமாரியில் கறுத்துப்போன கோப்பை இருக்கும், அடியில் எழுத்து உதிர்ந்திருக்கும். கல்லூரி ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மதிப்பெண் பதிவேடுகளுக்குக் காட்டுகிற கவனத்தில் பாதியாவது விளையாட்டுப் பதிவேடுகளுக்குக் காட்டக் கூடாதா?

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. கல்லூரி கைமாறும்போது, படிப்பின் நடுவில் இருக்கிற ஆட்டக்காரன் படிப்பு முடிகிறவரை எந்த அணிக்கு என்பதை அதே சட்டத்தில், அதே அரசாணையில் எழுதிவிடுங்கள். பழைய அணிப் பட்டியல்களை இரண்டு பல்கலைக்கழகங்களும் வைத்துக்கொள்ளட்டும், ஃபார்ம் த்ரீ கேட்டு வருகிறவனை எந்த வாசலிலிருந்தும் திருப்பி அனுப்பாதீர்கள். அணியைக் கூட்டிப் போகிற பி.டி.க்குப் பஸ் ஏறுமுன் டி.ஏ. கொடுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகம் முன்கை எடுத்து, கடலூர் மாவட்டத்தில் இருக்கிற எல்லாக் கல்லூரிகளுக்கும் வருஷம் ஒரு கால்பந்துப் போட்டி நடத்தட்டும். கலைக் கல்லூரி, இன்ஜினீயரிங், பாலிடெக்னிக், மருத்துவம், பி.எட். என்று எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஒரு வருஷம் கடலூர் அண்ணா விளையாட்டரங்கம், அடுத்த வருஷம் அண்ணாமலைநகர். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் ஆடி முடித்துவிடலாம். புதுச்சேரிக் கல்லூரிகளையும் மயிலாடுதுறைக் கல்லூரிகளையும் விருந்தாளியாகக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

தேதியை மட்டும் ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் தயாராக வேண்டும்.